மறு: ‘ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, ‘ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்’ (குற்றம் செய்தவரே பாதிக்கப்பட்டவரை எதிர்கொண்டு, தான் விளைத்த ஊறைச் சரிசெய்யும் நீதிமுறை) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டே எழுதுகிறேன். இழையில் ஓர் ஐயா முன்வைத்த ‘மறுசீரமைப்பு நீதி’க்குப் பலரும் இசைவு தெரிவித்துவிட்டீர்கள். நாளிதழ்களிலும் அது தலைகாட்டத் தொடங்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல் வேரூன்றும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

‘மறுசீரமைப்பு’ என்றதும் கடன் மறுசீரமைப்பும் 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டமும்தான் நினைவுக்கு வருகின்றன. மேலே இருப்பவர் ஓர் அமைப்பைக் கலைத்துப் புதிதாக அடுக்குவதுதான் அதன் பொருள். ‘மறுசீரமைப்பு நீதி’ என்று கேட்பவர் நீதித்துறையையே மாற்றி அமைக்கப் போகிறார்கள் என்று எண்ணினால் அது அவர் பிழையாகாது. நாம் பேசுவதோ ஒருவருக்கு நேர்ந்த ஊறு பற்றியும், அதைச் செய்தவர் அவருக்குப் பட்ட கடன் பற்றியும்.

பெயரை விட்டுவிட்டு நடப்பைப் பார்ப்போம். 1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் குடிபோதையில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். வழக்கில் அறிக்கை தர வேண்டிய நன்னடத்தை அலுவலர், இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். அப்படி ஒரு வழக்கம் அங்கே அதுவரை இல்லை. ஆனாலும் நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள், தாங்கள்தான் செய்தோம் என்றார்கள், எவ்வளவு இழப்பு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் திரும்பவும் அதே வாசல்களுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் இந்தப் பெயரில் நடக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை தங்கள் தொடக்கமாகச் சுட்டுவது இந்த நிகழ்வைத்தான்.

இதில் எந்த அமைப்பும் மறுசீரமைக்கப்படவில்லை. உடைத்தவன் உடைத்த வீட்டின் வாசலில் நின்றான். நம் சொல்லுக்குள் அந்த வாசல் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

> ‘சமரச நீதி’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். நம் ஊரில் சமரசம் என்றால் இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. பாதிக்கப்பட்டவர் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? 2015இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிறுமியை வன்புணர்ந்ததாகத் தண்டிக்கப்பட்டவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் அவருடன் பேச மறுத்தார். அதே சமயத்தில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், பாலியல் வன்கொடுமையில் எந்த வகைச் சமரசத்துக்கும் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. உயர் நீதிமன்றமும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. இதற்கு முன்பே, 2011இல், கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ‘சமரச நீதி’ என்று பெயர் வைத்தால், ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் ‘பேசி முடிக்கும்’ வழக்கத்துக்கு நாமே கலைச்சொல் செய்து கொடுத்ததாகிவிடும். இந்த ஒன்றில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.

இழையில் ஓர் அம்மா பரிந்துரைத்த ‘ஈடுசெய் நீதி’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அரசு அலுவலகங்களில் ‘ஈடுசெய் விடுப்பு’ ஊறிப்போன வழக்கு. ஈடு என்றாலே இழப்பீட்டுத் தொகைதான் முன்னே வரும். இழப்பீட்டை அரசே கொடுத்துவிடலாம், குற்றம் செய்தவர் முகத்தைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. ‘மீட்பு நீதி’ வெள்ளத்தையும் படகையும் நினைவூட்டுகிறது. ‘சீர்செய் நீதி’ பக்கம் வந்து நிற்கிறது, ஆனால் சீர் செய்வது என்றால் எங்கள் பக்கத்தில் தாய்வீட்டிலிருந்து பெண்ணுக்குத் தட்டு வரிசையோடு போவது.

கல்வெட்டு ஆர்வலர் நண்பர் ஒருவர், இது நமக்குப் புதிதல்ல என்று சோழர் காலச் செய்தியை எடுத்துக்காட்டினார். வேட்டையில் தவறிப்போய் ஒருவனை அம்பெய்து கொன்றவனுக்கு நாட்டார் கூடி உயிர்த்தண்டனை வேண்டாம் என்று முடிவெடுத்து, கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் கொடுக்கச் செய்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. ‘சாவா மூவாப் பேராடு’ (சாகாத, மூப்படையாத ஆடு) என்ற தொடரின் அழகுக்காகவே அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். தெரியாமல் நேர்ந்த கொலையையும் திட்டமிட்ட கொலையையும் அவர்கள் பிரித்துப் பார்த்தது உயர்ந்த நீதியுணர்வு, அதில் ஐயமில்லை. ஆனால் நான் படித்தவற்றில் இறந்தவனின் மனைவி மக்களுக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சே இல்லை. ஆடு கோயிலுக்குப் போயிற்று, நெய் விளக்குக்குப் போயிற்று. இதற்கு நம்மிடம் ‘கழுவாய்’ (பாவத்துக்கான பரிகாரம்) என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

எதிரிணைச் சொல்லையும் இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. குற்றத்துக்குத் தண்டனையே நீதி என்னும் ‘ரெட்ரிபியூட்டிவ் ஜஸ்டிஸ்’ என்பதைப் ‘பழிவாங்கும் நீதி’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். அது அந்தக் கோட்பாட்டுக்கு இழைக்கும் அநீதி. பழிவாங்குபவனுக்கு அளவு கிடையாது. குற்றத்துக்கு ஒத்த தண்டனை, அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் உயிர். ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்ற குறளில் (561) ஆராய்வது, மறுபடி நிகழாமல் தடுப்பது, குற்றத்துக்கு ஒத்த அளவு மூன்றும் இருக்கின்றன. ஒறுப்பது என்றால் தண்டிப்பது. ஆகவே ‘ஒறுப்பு நீதி’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

முதற்சொல்லுக்கு என் பரிந்துரை ‘நேர்செய் நீதி’. கோணலானதை நேர்செய்வது, தவறிய கணக்கை நேர்செய்வது இரண்டும் பேச்சு வழக்கில் உள்ளவை. செய்தவர்தான் நேர்செய்ய வேண்டும் என்ற கடமையும் அந்த வினைக்குள் ஒட்டியிருக்கிறது. வினைத்தொகையாதலால் ‘நேர்செய் கூட்டம்’, ‘நேர்செய் திட்டம்’ என்று வல்லினம் மிகாமல் கிளைச்சொற்கள் வரும். நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்களின் மரபை ஒட்டி, இளம் வயதினரின் வழக்குகளில் குடும்பக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. பையன், அவன் குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், காவலர், ஒருங்கிணைப்பாளர் எல்லோரும் அமர்வார்கள். பிறகு குடும்பத்தாரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியேறுவார்கள். என்ன செய்து ஈடுகட்டுவது என்ற திட்டத்தோடு குடும்பம் திரும்பி வரும். இதை ‘நேர்செய் கூட்டம்’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

> கொலையை எப்படி ஐயா நேர்செய்வது?

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். நேர்செய்ய முடியாது. அதனால்தான் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை, நல்லிணக்க ஆணையத்தை இந்தச் சொல்லால் குறிக்க வேண்டாம் என்கிறேன், அதன் தலைவர் டெஸ்மண்ட் டுட்டுவே அதை இவ்வகை நீதி என்று விளக்கியிருந்தாலும். 7,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் 849 பேருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. அரசியல் நோக்கத்தோடு செய்ததை முழுமையாகச் சொன்னால் போதும், வருந்த வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. நிறவெறிக்கு எதிராகப் போராடிக் காவலில் இறந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பம் உள்ளிட்டோர் அந்த ஏற்பாட்டையே எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். அவர்களிடம் போய் ‘நேர்செய்தாயிற்று’ என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

போரோ கொடுங்கோலாட்சியோ முடிந்த நாடு கடந்தகாலக் கொடுமைகளை எதிர்கொள்ளும் இத்தகைய ஏற்பாடுகளுக்கு இலங்கைத் தமிழில் ‘நிலைமாறுகால நீதி’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது, ‘பொறுப்புக்கூறல்’, ‘மீள நிகழாமை’ ஆகிய சொற்களோடு. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தனியாக ஒன்று செய்ய வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, இலங்கைப் போரில் பிள்ளைகளைத் தொலைத்த உறவினர்கள், தங்கள் பிள்ளைகள் காணாமல் ‘போனோர்’ அல்லர், காணாமல் ‘ஆக்கப்பட்டோர்’ என்று வலியுறுத்துகிறார்கள். செய்தவர் ஒருவர் உண்டு என்பதை அந்த ஒற்றை வினை மறைக்க விடுவதில்லை. நம் பட்டியலிலும் அதே வடிவம்தான் இருக்க வேண்டும், தற்போதுள்ள ‘காணாமல் போனோர்’ பதிவைத் திருத்தக் கோருகிறேன்.

ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘நேர்செய்’ என்பது உங்கள் வழக்கில் வேறு பொருள் தருமா, அல்லது செயற்கையாக ஒலிக்குமா? அப்படியானால் எழுதுங்கள், சொல்லை மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. ‘ஒறுப்பு நீதி’யை இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம், ‘நேர்செய் நீதி’ உங்கள் மறுமொழி வரும்வரை முன்மொழிவாகவே இருக்கட்டும்.

அன்புடன்