எட்டாம் வகுப்புக்குப் புரிகிற சொல்: ‘கற்றல் விளைவு’தானா?

கடலூர் முதுநகரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு தாள் தயாரிக்கிறோம். பாடம் முடிந்ததும் தன்னால் என்ன செய்ய முடிகிறது என்று பிள்ளையே படித்துப் பார்த்து டிக் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில்தான் நிற்கிறோம். தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2017இல் இதற்கான ஆவணம் வெளியிட்ட பிறகு பயிற்சிகளில் ‘கற்றல் விளைவுகள்’ என்றே கேட்டுப் பழகிவிட்டோம். அறிவியல் புத்தகத்திலோ ‘கற்றல் நோக்கங்கள்’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே மாணவர் பெறும் திறன்களை அடுக்கியிருக்கிறது. நோக்கம் என்னுடையது, கடைசியில் பிள்ளையிடம் தங்குவது வேறு. அதற்கு ஒரு சொல் தாருங்கள். நேற்று வகுப்பில் ‘விளைவு’ என்றதும், “பக்கவிளைவு மாதிரியா டீச்சர்?” என்று கேட்டாள் ஒருத்தி.

லாசுப்பேட்டையிலிருந்து:
டீச்சர், பிரெஞ்சில் இதற்கு ‘அக்கி’ என்பார்கள். ஈட்டியது, பெற்றுக்கொண்டது என்று பொருள். நம்மிடம் அதற்கு நேராகப் ‘பேறு’ இருக்கிறது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல, பெறு பேறாயிற்று. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்கிறோமே, அந்தப் பதினாறு பேறுகளில் கல்வியும் ஒன்று. இலங்கை ஆசிரியர் வழிகாட்டிகளில் ‘கற்றற்பேறு’ புழக்கத்திலேயே இருக்கிறது.

பண்ருட்டியிலிருந்து:
சார், எங்கள் பக்கம் பேறு என்றால் பேறுகாலம்தான். அதை எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிவிட்டு யார் பாடம் நடத்துவது? விளைவை ஏன் விட வேண்டும்? பலாவில் பிஞ்சு விட்டதுமே ‘விளைஞ்சுடுச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. முள் அகன்று, தட்டினால் சத்தம் மாறின பிறகுதான் அந்த வார்த்தை வரும். விளைதல் என்றால் முதிர்தல். நாம் தேடுவதும் அதைத்தானே?

நெய்வேலியிலிருந்து:
தீவினைக்கும் விளைவு உண்டு. ‘பயன்’ இருக்க வேறெதற்கு? சிறப்புப்பாயிரம், அதாவது நூலின் முன்னுரை, காட்ட வேண்டியவை என்று இலக்கண நூலான நன்னூல் சொல்லும் எட்டில் நுதலிய பொருள் (நூல் சொல்லவரும் பொருள்), கேட்போர், பயன் மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. பாடத்திட்டம் எழுதுகிறவருக்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா? தொல்காப்பியரும் ஒரு செயல் நிகழக் காரணமாகும் தொழில்முதனிலை எட்டில் ‘இன்னதற்கு’, ‘இதுபயனாக’ என இரண்டையும் பிரித்தே வைத்தார். கற்றல் என்பதன் லகரம் இங்கே றகரமாகத் திரியும் என்பதால் ‘கற்றற்பயன்’ என்றே எழுதுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து:
ஐயா, ‘கற்றற்’ என்ற இடத்திலேயே என் வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி நிற்பார்கள். ‘அடைவு’ எளிது, அடைந்தது அடைவு.

லாசுப்பேட்டையிலிருந்து:
இலங்கையில் அடைவு என்றால் நகையை அடகு வைப்பது. அங்கேயும் நம் தாளைப் படிப்பார்கள், தம்பி.

கடலூர் முதுநகரிலிருந்து:
எல்லாவற்றையும் நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். ஒன்று தோன்றியது. கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் கற்றலுக்கு வகுத்த படிநிலைகளுக்கு அறிவு, புரிதல் என்று பெயர்ச்சொற்களாகவே பெயரிட்டார்கள். 2001இல் திருத்தியவர்கள் அவற்றை நினைவுகூர், புரிந்துகொள் என்று வினைகளாக்கினார்கள். நாம் மட்டும் இன்னும் பெயரையே தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் ‘புயல் எச்சரிக்கை பற்றி அறிதல்’ என்று எழுதிக் கொடுத்தால் டிக் போட்டுவிட்டுப் போய்விடும். ‘துறைமுகத்தில் பத்தாம் எண் கூண்டு ஏற்றினால், புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்று வீட்டில் எடுத்துச் சொல்வேன்’ என்று எழுதினேன். நாலு பேர் டிக் போடாமல் என்னிடம் வந்து மறுபடி கேட்டார்கள். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை அவர்களுக்குக் கதையாகத்தான் தெரியும். அந்த நாலு பேர் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தத் தாளே.

அதனால் பிள்ளைகள் தாளில் ‘இப்போது என்னால் முடியும்’ என்று போட விரும்புகிறேன்.

நெய்வேலியிலிருந்து:
அது வாக்கியம் அம்மா, கலைச்சொல் ஆகாது. அதிலிருந்து அடைமொழி எப்படி ஆக்குவீர்கள்? பன்மை எப்படி?

பண்ருட்டியிலிருந்து:
பிள்ளைக்குப் பன்மை எதற்கு ஐயா? ஆசிரியர் கையேட்டில் ‘கற்றல் விளைவு’ இருக்கட்டும், தாளில் டீச்சர் சொன்னது இருக்கட்டும். வியாழக்கிழமை ஆகிவிட்டது.

அரியாங்குப்பத்திலிருந்து:
எனக்குச் சம்மதம்.

லாசுப்பேட்டையிலிருந்து:
அச்சுக்கு அனுப்புங்கள் டீச்சர். என் பயிற்சி வகுப்பில் கற்றற்பேறுதான்.

நெய்வேலியிலிருந்து:
என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டிலாவது பயன் வந்திருக்க வேண்டும். இதுபயனாக என்பதன் உரைகளை ஒப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.