பொருள்: மறு: அவுட்சோர்ஸ்டு மேனேஜ்மென்ட் – ‘ஏற்றுநடத்தல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிலையோ சொத்தையோ நடத்தும் வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுப்பதுதான் அவுட்சோர்ஸ்டு மேனேஜ்மென்ட். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வெளிமுகமை, மேலாண் முகமை, ஒப்படை மேலாண்மை என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. ஒன்றைத் தேர்வதற்கு முன், இந்த ஏற்பாடு துறைக்குத் துறை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

> வேலையை வெளியே கொடுப்பதுதானே? வெளிமுகமை போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். காவலுக்கோ துப்புரவுக்கோ வெளியிலிருந்து ஆள் எடுத்தால், யார் எங்கே நிற்க வேண்டும் என்று நாம்தான் சொல்கிறோம். மேலாண்மையையே கொடுத்துவிட்டால் ஆள் எடுப்பது, வேலை பிரிப்பது, செலவுத் திட்டம் போடுவது எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. 1989இல் கோடாக் நிறுவனம் தன் தரவு மையப் பணிகளை ஐபிஎம்மிடம் கொடுத்தபோது பெரிய நிறுவனங்கள் பலவும் திரும்பிப் பார்த்தன. இன்றைய கணினி ஒப்பந்தங்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதைவிட, சர்வர் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடந்தது என்பதே முக்கியமான கணக்கு.

ஹோட்டல் துறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டடம் ஒருவருடையது, வாசலில் இருக்கும் பெயர் இன்னொருவருடையது. 1993இல் மாரியட் இரண்டாகப் பிரிந்தபோது சொத்துகள் ஹோஸ்ட் மாரியட்டுக்குப் போயின, நடத்தும் தொழில் மாரியட் இன்டர்நேஷனலுக்குப் போனது. நடத்துபவருக்கு வருவாயில் ஒரு விழுக்காடும், லாபம் வந்தால் அதில் ஒரு பங்கும் கிடைக்கும். நட்டம் வந்தால் அது பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான். குத்தகையில் இது தலைகீழ்: குத்தகைக்காரர் வாடகையைக் கொடுத்துவிட்டு லாப நட்டத்தைத் தானே சுமப்பார். ஆகவே ‘குத்தகை’ என்ற சாயலே நம் சொல்லில் வரக் கூடாது.

> ‘பொறுப்பு’ என்ற சொல் உள்ளே இருக்கட்டும். பொறுப்பேற்பு மேலாண்மை?

இங்கேதான் கப்பல் துறை நமக்கு உதவுகிறது. கப்பல் மேலாண்மைக்கு பிம்கோ என்ற பன்னாட்டுக் கப்பல் துறை அமைப்பு வகுத்த மாதிரி ஒப்பந்தம் ஷிப்மேன். அதன்படி மேலாளர் உரிமையாளரின் முகவராக, அவர் சார்பில் வேலை செய்கிறார். மாலுமிகளை அமர்த்துவது, பழுது பார்ப்பது, உதிரிப்பாகம் வாங்குவது எல்லாம் அவர் பார்த்தாலும், பணம் உரிமையாளரிடமிருந்து வர வேண்டும். ஆனால் 1998 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, கப்பல் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஐஎஸ்எம் விதிகளின்படி, கப்பலை இயக்கும் பொறுப்பை மேலாளர் ஏற்றுக்கொண்டால், அந்த விதிகள் சொல்லும் பாதுகாப்புக் கடமைகளும் அவருடையவை ஆகின்றன. தரவுத் துறையில் நிலைமை வேறு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலையை வெளியே கொடுத்தாலும், கொடுத்தவர் தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ஒரு துறையில் கைமாறுவது இன்னொன்றில் மாறாமல் நிற்கிறது. அதனால் ‘பொறுப்பு’ என்பதைச் சொல்லுக்குள் வைத்தால் பாதி இடங்களில் தவறான பொருள் தரும். அதை ஒப்பந்தம் சொல்லட்டும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலாண் முகமை என்றால், ஒரு கம்பெனியின் நிர்வாகத்தை இன்னொரு நிறுவனம் ஒப்பந்தப்படி கையில் வைத்திருந்த, இந்தியாவில் 1970 ஏப்ரலில் சட்டப்படி ஒழிக்கப்பட்ட மேனேஜிங் ஏஜென்சி முறைதான் வரலாறு படித்தவர்களுக்கு நினைவு வரும். ஒப்படை என்பதோ நில ஒப்படை என்று வருவாய்த் துறையில் ஏற்கெனவே வழங்குகிறது. அங்கே நிலமே கைமாறுகிறது. நம் ஏற்பாட்டில் சொத்து கைமாறுவதே இல்லை.

என் பரிந்துரை ஏற்றுநடத்தல். ‘அவங்கதான் எடுத்து நடத்துறாங்க’ என்று பேச்சில் சொல்வதற்கு இது பக்கத்திலேயே இருக்கிறது. வினையாகவும் தடையில்லாமல் வரும். ‘இக்கப்பலை ஏற்றுநடத்தும் நிறுவனம்’, ‘மருத்துவமனைச் சமையற்கூடத்தின் ஏற்றுநடத்தல் ஒப்பந்தம் முடிகிறது’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. ஆட்களை மட்டும் தருவதற்கு வெளிமுகமை அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஒரு இடம் உறுத்துகிறது. செய்பவரை ‘ஏற்றுநடத்துநர்’ என்றால் பேருந்து நடத்துநர் குறுக்கே வருகிறார். ‘ஏற்றுநடத்துவோர்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும் நண்பர்கள் ஒப்பந்த வாசகத்தில் இதைப் போட்டுப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்