பிரெயில் டிஸ்பிளேயில் தமிழ் எழுத்துக்குப் பதில் ஏதோ எண்கள் வருகின்றன, உதவுங்கள்

தெம்பனிஸ் அம்மா:
வணக்கம். நான் முழுப் பார்வையற்றவள். விண்டோஸ் மடிக்கணினி, திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ நிரல், விரலால் தொட்டுப் படிக்கப் புள்ளிகள் எழும்பும் 40 கட்ட பிரெயில் டிஸ்பிளே. யூஎஸ்பியில்தான் இணைத்திருக்கிறேன். ஆங்கிலம் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. தமிழ் முரசு இணையத்தளத்தையோ மகளின் தமிழாசிரியர் அனுப்பும் வேர்ட் கோப்பையோ திறந்தால் மட்டும், ஒவ்வோர் எழுத்துக்கும் எக்ஸ், பூஜ்யம், பி என்று ஒரு குறியீடு விரலில் தட்டுப்படுகிறது. நாலைந்து எழுத்திலேயே 40 கட்டமும் தீர்ந்துபோகிறது. குரல் தமிழை ஒழுங்காக வாசிக்கிறது.

குரலே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள், வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். கரியா கறியா, அரமா அறமா என்று காதால் கேட்டு எனக்குப் பிரித்தறிய முடிவதில்லை. விரலால் தொட்டால்தான் அவளுக்கு உறுதியாகச் சொல்லிக்கொடுப்பேன்.

ஈசூன் தம்பி:
கேபிளை மாற்றிப் பாருங்கள் அக்கா. இல்லையென்றால் ஊசிகளில் தூசி அடைத்திருக்கும். எனக்குப் போன வருடம் அப்படித்தான் ஆனது.

தோ பாயோ அண்ணன்:
தூசியாக இருக்காது தம்பி. தூசி அடைத்தால் ஒரு கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளி எந்த மொழியிலும் எழும்பாது. அக்காவுக்கு ஆங்கிலம் சரியாக வருகிறதே.

தங்கச்சி, இது அட்டவணைச் சிக்கல். எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையை என்விடிஏவுக்குள் இருக்கும் லிப்லூயி என்ற நிரல் செய்கிறது. நீங்கள் ஆங்கில அட்டவணையில் இருக்கிறீர்கள், அதில் 'க' கிடையாது. தெரியாத எழுத்து வந்தால் அதன் யூனிகோட் எண்ணை அப்படியே போட்டுவிடும். க என்றால் 0பி95, அ என்றால் 0பி85. உங்கள் விரலில் தட்டுப்படுவது அதுதான்.

என்விடிஏ விசையோடு என் (N) எழுத்தை அழுத்துங்கள். விருப்பங்கள், அமைப்புகள், பிரெயில் என்று போனால் வெளியீட்டு அட்டவணை இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். உள்ளீட்டு அட்டவணையை இப்போதைக்குத் தொட வேண்டாம், அது டிஸ்பிளேயின் பொத்தான்களால் தட்டச்சு செய்வதற்கு.

அப்புறம் நோட்பேடில் 'அம்மா' என்று மட்டும் அடித்துப் பாருங்கள். ஐந்து கட்டம் வர வேண்டும், அவற்றின் புள்ளி எண்கள்: 1, அடுத்து 4, அடுத்து 1-3-4, மறுபடி 1-3-4, கடைசியில் 3-4-5. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும், அந்தத் தனி 4 அதுதான். ஆங்கிலப் பிரெயிலே பழகிய விரலுக்கு முதலில் இது தடுமாற்றமாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அப்படியும் வராவிட்டால் கருவிகள் மெனுவில் பிரெயில் வியூவரைத் திறந்து, திரையில் தெரியும் புள்ளிகளை மகளைப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் சரியாக இருந்து விரலில் தப்பாக இருந்தால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

தெம்பனிஸ் அம்மா:
அண்ணே, வந்துவிட்டது! அம்மாவுக்கு ஐந்து கட்டம், நீங்கள் சொன்ன அதே வரிசையில். ரொம்ப நன்றி. ஆனால் காலையில் அலுவலக மின்னஞ்சலுக்கு எனக்குச் சுருக்கெழுத்து ஆங்கிலப் பிரெயில் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அமைப்புகளுக்குள் போய் மாற்றுவதுதான் வழியா?

தோ பாயோ அண்ணன்:
வேண்டியதில்லை. முதலில் வெளியீட்டு அட்டவணையைப் பழையபடி ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், இந்தப் படியை மறக்காதீர்கள். பிறகு என்விடிஏ, கண்ட்ரோல், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அமைப்புகளைத் தனித்தனித் தொகுப்பாகச் சேமிக்கும் சுயவிவரங்கள் திறக்கும். தமிழ் என்ற பெயரில் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே பிரெயில் அமைப்புக்குப் போய்த் தமிழ் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள், அந்த மாற்றம் அந்தச் சுயவிவரத்தில் மட்டும் பதியும். விருப்பங்களில் உள்ள உள்ளீட்டுச் சைகைகள் பகுதியில் அதற்கு ஒரு விசையை ஒதுக்கிவிட்டால், ஒரே அழுத்தில் மொழி மாறும்.

ஈசூன் தம்பி:
அண்ணே, இடையில் ஒரு கேள்வி. 40 கட்டக் கருவிக்கு உதவி கிடைக்குமா? என்னுடையது 14 கட்டம், ஒரு வரி முடிவதற்குள் மூன்று முறை நகர்த்த வேண்டியிருக்கிறது.

தோ பாயோ அண்ணன்:
சிங்கப்பூரின் உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பம் போடு. தகுதி இருந்தால் விலையில் 90 விழுக்காடு வரை தருவார்கள், வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. வாங்கும் முன் லெங்கோக் பாருவில் உள்ள, உடற்குறையுள்ளோருக்கான எனேபிளிங் வில்லேஜ் மையத்துக்குப் போய்க் கருவிகளைத் தொட்டுப் பார்த்துவிடு.

தெம்பனிஸ் அம்மா:
விசையும் வைத்துவிட்டேன், நன்றாக வேலை செய்கிறது. இந்த வாரச் சொற்கள் பன்னிரண்டையும் இப்போதுதான் விரலால் படித்து முடித்தேன். அதில் மூன்று சொற்களை நான் இத்தனை நாளும் அவளுக்குத் தப்பாக எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்ததும் திருத்திச் சொல்ல வேண்டும்.