எட்டுக்கால் பூச்சி, பல்லி, பூரான்: பயப்படும் துணையோடு வாழ்கிறவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

என் வீட்டுக்காரருக்கு எட்டுக்கால் பூச்சி என்றால் உயிரே போய்விடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டபோது, ஓடெல்லாம் பறந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து அங்கிருந்த பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இவர்தான். அதே மனிதர் பாத்ரூம் சுவரில் கையகலச் சிலந்தியைப் பார்த்தால் அலறிக்கொண்டு ஈரத் துண்டோடு வெளியே ஓடி வருவார். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கொஞ்ச நேரம் பேச்சே வராது. அந்த நேரத்தில் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், நாடி அப்படித் துடிக்கும். அதை நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

சொந்தக்காரர்கள் விடுவதாக இல்லை. "ஆம்பளையா இருந்துக்கிட்டு பூச்சிக்கா பயப்படுறீங்க?" என்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் மச்சான் முறைப் பையன் ரப்பர் சிலந்தி ஒன்றை இவர் இலையோரம் வைத்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனவர், அப்புறம் அந்தப் பக்கத்து விசேஷம் எதற்கும் வரவில்லை. பயந்தவரை மேலும் பயமுறுத்திப் பார்ப்பதில் என்ன சந்தோஷம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "அவர் இருக்கும் இடத்தில் இனி இந்த விளையாட்டு வேண்டாம்" என்று அவன் அம்மாவிடமே நேராகச் சொல்லிவிட்டேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சின்ன வயதில் ஒரு மழைக்காலத்தில், தூங்கி எழுந்தபோது இவர் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி சிவந்து கொப்புளம் போட்டிருந்ததாம். "சிலந்தி நக்கிடுச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எரிச்சலில் இரண்டு மூன்று ராத்திரி தூங்கவில்லையாம். பல வருஷம் கழித்து எங்கள் மகளுக்கும் அதேபோல் வந்தது. தோல் மருத்துவரிடம் போனோம். அவர் பார்த்த உடனே, "இதுக்கும் சிலந்திக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார்.

பெடரஸ் என்று ஒரு சின்ன வண்டு இருக்கிறது. பெரிய எறும்பு அளவில் ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் தெரியாமல் நசுக்கிவிட்டால் அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஒரு நாள் கழித்து எரிச்சலும் கொப்புளமும் வரும். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பயம் அன்றைக்கே போய்விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "அப்போ நம்ம பாத்ரூம்ல வர்றது என்ன பண்ணும்?" என்று தானாகவே கேட்டார். அதற்கு முன் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

நம் வீடுகளில் இரவில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய தட்டைச் சிலந்தி வலை பின்னி இரை பிடிப்பதில்லை. கரப்பான் பூச்சியை ஓடிப் பிடித்துத் தின்னும். கால்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் நண்டு மாதிரி சரசரவென்று நகரும். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்குவது அந்த வேகத்தால்தான். வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லை மாதிரி எதையாவது தூக்கிக்கொண்டு போனால் அது முட்டைப் பை. கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், ஆனால் ஆபத்தில்லை.

மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டோம். அடித்தால் அது தாறுமாறாக ஓடி நம் மேலேயே விழும், இவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. அகலமான கண்ணாடி டப்பாவைச் சுவரில் கவிழ்த்து, பழைய காலண்டர் அட்டையை அடியில் செருகி, தோட்டத்தில் விட்டுவிடுவேன். முதலில் இவர் தெருவில் நிற்பார். அப்புறம் வாசல்படி, அப்புறம் கூடம். நான் கூப்பிட மாட்டேன், அவராக வந்தால் சரி. இப்போது டப்பாவுக்குள் இருப்பதைத் தள்ளி நின்று பார்க்கிறார். அட்டையை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை புதுச்சேரி சாலையில் ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் குட்டிச் சிலந்தி ஊர்ந்து, நாங்கள் லாரி ஒன்றின் பக்கவாட்டில் போய் மோதப் பார்த்தோம். அன்றிலிருந்து ஹெல்மெட் திண்ணையில் கிடப்பதில்லை, பைக்குள்தான். போடும் முன் தட்டிப் பார்த்துத்தான் அவர் கையில் கொடுப்பேன். எதைப் பார்த்தாலும் முதலில் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குவது, மற்றதெல்லாம் பிறகு என்று பேசி வைத்திருக்கிறோம்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

அக்கா, எங்கள் வீட்டில் பூரான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஊரெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த வாரம் சமையலறையில் ஒன்று என் மனைவியின் கால்மேல் ஏறிவிட்டது. கடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தரையில் ஒரு நூல் கிடந்தாலும் கத்துவாள். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டாள்.

பூரான் விஷயத்தில் "ஒண்ணும் பண்ணாதும்மா" என்று என்னால் சொல்ல முடியாது. கடித்தால் நன்றாகவே வலிக்கும், வீங்கும். அதனால் ஆறுதல் சொல்வதைவிட வழியை அடைப்பதில் இறங்கினேன். ஈரம் இருக்கும் இடத்துக்குத்தான் அது வரும். குளியலறைத் தண்ணீர்க் குழிக்குச் சின்னக் கண் உள்ள ஜல்லடை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, மதிலோரம் கிடந்த செங்கலும் ஈரச் சாக்கும் வெளியே. இதையெல்லாம் அவளைக் கூட வைத்துக்கொண்டே செய்தேன். எந்த ஓட்டை அடைபட்டது என்று அவள் கண்ணால் பார்த்தது பெரிய உதவி. இப்போது சின்ன இரவு விளக்கு போதும் என்கிறாள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

எங்களுடையது மர உத்தரம் போட்ட பழைய வீடு, பல்லிக்குக் குறைவே இல்லை. என் மனைவிக்குப் பஞ்சாங்கத்தில் பார்த்த பல்லி விழும் பலன் மனதில் பதிந்துபோய், உத்தரத்துக்கு நேர் கீழே உட்காரவே மாட்டார். வெள்ளை டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் வெளிச்ச பல்பு போட்டோம், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். பூச்சி குறைந்தது, பல்லியும் கூடத்தைவிட்டு வாசல் பக்கம் போய்விட்டது.

ஆனாலும் பயம் முற்றி, சொந்த வீட்டில் குளிக்கப் போகவே தயங்கினார். கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் "எனக்கென்ன பைத்தியமா?" என்று அழுதார். அங்கே யாரும் சிரிக்கவில்லை, அதுவே அவருக்குப் பாதி தைரியம் கொடுத்தது. முதலில் படம், அடுத்து வீடியோ, பிறகு தூரத்தில் நிஜப் பல்லி என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். ஒரு படியில் மனம் அடங்கின பிறகுதான் அடுத்த படி. நடுவில் நாம் அவசரப்படுத்தக் கூடாது. இப்போது வீடியோ வரை வந்திருக்கிறோம்.

மஞ்சக்குப்பம் சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் அட்டை எடுத்துக் கொடுப்பதை இன்று என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். டப்பா எந்த அளவு வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.