அக்கவுண்டை நிறுத்தும் அதிகாரம் அப்யூஸ் டீமுக்கு வேணுமா?

இலந்தைக்குளம்:
ஐ.டி. பார்க்கில் கொஞ்சம் பெரிய ஹோஸ்டிங் கம்பெனி. ஸ்பாம் அனுப்பும் வாடிக்கையாளரை நிறுத்த, அப்யூஸ் டீம் (ஸ்பாம் மாதிரி முறைகேட்டுப் புகார்களைக் கவனிக்கிறவங்க) சேல்ஸ் மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கணும். பெரிய பில் கட்டுறவங்கன்னா டிக்கெட் அப்படியே கிடக்கும். நிர்வாகத்திடம் என்ன அதிகாரம் கேட்கலாம்?

தல்லாகுளம்:
சேல்ஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் இன்சென்டிவே அந்தப் பில்லில்தான் இருக்கு. அதனாலதான் முடிவு அவர் கையில இருக்கக் கூடாது.

நிர்வாகத்துக்கு நஷ்டக் கணக்கா சொல்லுங்க. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, காசுக்கு வாங்கின லிஸ்ட்டுக்கு ஆடித் தள்ளுபடி மெயில் அனுப்புதுன்னு வைங்க. ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைக் கறுப்புப் பட்டியல் போடுற ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு முதல்ல அந்த ஒரு ஐ.பி.யைப் பட்டியலில் போடும். கம்பெனி அசையலைன்னா அந்த /24 முழுக்க, அதாவது அடுத்தடுத்து இருக்கிற 256 ஐ.பி. முகவரியும் பட்டியலுக்குப் போகலாம். அதே ரேஞ்சில் இருக்கிற ஆஸ்பத்திரி அனுப்புற லேப் ரிப்போர்ட் 550ன்னு (மெயிலை ஏற்க மறுக்கும் பிழை எண்) திரும்பி வரும். அப்புறம் எந்தப் பில்லைக் காப்பாத்தினோம்?

கீழமாசி வீதி:
மூணு அதிகாரம் கேளுங்க: மெயில் அனுப்பும் வேகத்தைக் குறைப்பது, வெளியே போகும் 25ஆம் போர்ட்டை (சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வழி) அடைப்பது, அக்கவுண்டை நிறுத்துவது. மூணுக்கும் முன் அனுமதி வேண்டாம், செய்த பிறகு தகவல் போதும்.

ஆனா எடுத்த எடுப்பிலேயே நிறுத்தாதீங்க. ஹேக் ஆன வேர்ட்பிரஸ் தளமா இருக்கலாம். அனுப்பக் காத்திருக்கிற மெயில் க்யூவை நிறுத்தி வைங்க, அழிக்க வேண்டாம், அதுதான் ஆதாரம். பி.எச்.பி. ஸ்கிரிப்ட் வழியா போச்சா, திருடின பாஸ்வேர்டில் லாகின் ஆகிப் போச்சான்னு லாக்கில் பாருங்க. ஸ்கிரிப்ட்னா அதை முடக்கினால் போதும், கடையையே பூட்ட வேண்டியதில்லை. விலைக்கு வாங்கின லிஸ்ட்னா தயவே வேண்டாம்.

தல்லாகுளம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. திரும்பத் திறக்கும் உரிமையும் அப்யூஸ் டீமிடமே இருக்கணும். இல்லைன்னா காலையில நிறுத்தினதை சாயங்காலம் சேல்ஸ் திறந்து விட்டுடும். ஒப்பந்தத்துல 'புகார் வந்தாலும் நிறுத்த மாட்டோம்'னு சலுகை எழுதிக் கொடுக்கிற பழக்கமும் உண்டு. அப்யூஸ் டீம் கையெழுத்தில்லாம அந்த ஷரத்து செல்லாதுன்னு விதி போடுங்க.

இலந்தைக்குளம்:
நன்றிண்ணே. டீம் யாருக்குக் கீழே இருக்கணும்? இப்போ சப்போர்ட்டுக்குக் கீழே.

கீழமாசி வீதி:
சப்போர்ட்டுக்கு டிக்கெட்டைச் சீக்கிரம் மூடணும், வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாது. அங்கே வேண்டாம். செக்யூரிட்டி இல்லைன்னா சட்டப் பிரிவு. 'எப்போ நிறுத்துவீங்க'ன்னு நிர்வாகம் அளவு கேட்டா, ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமா அனுப்புறவங்களுக்கு வச்சிருக்கிற கணக்கையே காட்டுங்க: ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும், 0.3ஐத் தொடவே கூடாது.

அப்படியே அப்யூஸ் மெயில்பாக்ஸுக்கு ஸ்பாம் ஃபில்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா எடுத்துடுங்க. புகாரோட மாதிரிக்கு இணைச்சு வர்ற ஸ்பாமைப் பார்த்து, புகாரையே அது தூக்கிப் போட்டுடும்.