தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாத பூனை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கருவாயன் வீடு:
எங்கள் கருவாயனுக்கு 14 வயது. வாலுக்கு மேலே முதுகில் முடி சடை பிடித்து, தொட்டால் பொடுகு கொட்டியது. வயசாகிவிட்டது, சோம்பேறி ஆகிவிட்டான் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஒரு மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து முதுகை நக்கத் திரும்பினான். தலை பாதி தூரம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அங்கேயே நாக்கை நீட்டி வெறும் காற்றை நாலைந்து தடவை நக்கினான். பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுந்து போய்விட்டான். அதுதான் இன்னும் மனசை அரிக்கிறது. சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பிலும் முதுகெலும்பிலும் தேய்மானம். இப்போது வலிக்கு மருந்து போகிறது. ராத்திரியில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முடி போகும் திசையில் மெதுவாக வாருகிறேன். வேறு யார் வீட்டிலாவது இப்படி உண்டா?

பெர்ஷியன் அம்மா:
எங்களுடையது வயசுப் பிரச்சினை இல்லை, முடிப் பிரச்சினை. அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு. பார்லருக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பையன் சிக்கைத் தூக்கிப் பிடித்து, அடியில் கத்திரிக்கோலை விட்டு ஒரே வெட்டு. சிக்கோடு தோலும் வந்துவிட்டது. முதலில் ரத்தமே வரவில்லை, முக்கோணமாக ஒரு ரோஸ் நிறத் துண்டு தெரிந்தது, அவ்வளவுதான். பூனை கத்தவும் இல்லை. தையல் போட்ட டாக்டர்தான் சொன்னார், பூனைத் தோல் ரொம்ப மெல்லிசு, சிக்கை இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும் என்று. அன்றிலிருந்து சின்ன டிரிம்மர்தான். கத்திரிக்கோல் இவள் பக்கமே வராது.

கூரைப்பூனை:
இருவருக்கும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனையை மனுஷன் சுத்தம் பண்ண வேண்டியதே இல்லை. எங்கள் தெருவில் எத்தனையோ பூனைகள், யார் சீவி விடுகிறார்கள்? பூனை நாக்கில் முள் இருக்கிறது. அந்த முள்ளின் நுனி குழிவானது, எச்சிலை மொண்டு தோல்வரை கொண்டுபோகும். 2018இல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைப் படம் பிடித்தே காட்டினார்கள். இயற்கை கொடுத்த சீப்பு இருக்கும்போது நம் சீப்பு எதற்கு? ரொம்ப அழுக்கு என்றால் குளிப்பாட்டும் தண்ணீரில் கிருமிநாசினி ஒரு மூடி ஊற்றுங்கள், போதும்.

பெர்ஷியன் அம்மா:
@கூரைப்பூனை அதே ஆராய்ச்சியை முழுசாகப் படியுங்கள் சார். பெர்ஷியன் முடி அடர்த்தியில் அந்த முள் தோலைத் தொடவே தொடாது என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தெருப்பூனையில் சீக்கு வந்தது எங்கே போகிறது என்று நீங்கள் பார்த்ததில்லை.

மதுரைக்காரி:
பார்த்தவள் சொல்கிறேன். எங்கள் சந்தில் ஒரு வெள்ளைக் கடுவன், முன்னங்கால் இரண்டும் பழுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். அழுக்குப் பூனை என்று விரட்டுவார்கள். மீன் வைத்தேன். ஒரு வாய் கடித்தது, சீறிக்கொண்டு மீனையே கையால் அடித்தது. மீன் ஏதோ செய்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, அந்த அடி கண்ணிலேயே நிற்கிறது. வாய் முழுக்கப் புண், ஈறு செக்கச்செவேல். கால் பழுப்பு அழுக்கு இல்லை, ஒழுகிய எச்சில். பல்லைப் பிடுங்கினார்கள். புண் ஆறியதும் தானாகவே நக்க ஆரம்பித்துவிட்டது. நான் குளிப்பாட்டவே இல்லை. நக்காத பூனைக்கு முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

ஒர்க்‌ஷாப் மணி:
நம்ம பட்டறைப் பூனை ஒருநாள் வண்டி அடியிலிருந்து கிரீஸோடு வந்தது, துடைத்து விட்டோம். சரி, அது போகட்டும். கூரைப்பூனை அண்ணன் சொன்ன கிருமிநாசினியை யாரும் தொடாதீர்கள். பல கிருமிநாசினிகளில் இருக்கும் ஃபீனால் வகைச் சரக்கைப் பூனையின் கல்லீரல் சரியாக உடைத்து வெளியேற்றாது, உடம்பில் படும், அதை நக்கும், உள்ளே போகும். டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். கருவாயன் வீட்டுக்காரர் டாக்டர் தரும் வலி மருந்தை மட்டும் கொடுக்க வேண்டும், வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் அரை மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து. கிரீஸுக்குச் சமையல் எண்ணெய் தடவி இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சமாகப் போட்டுக் கழுவி, காயும்வரை துண்டில் சுற்றி வைக்க வேண்டும், நக்கவிடக் கூடாது. எலிப் பசை அட்டையில் ஒட்டினாலும் இதே வழிதான், இழுத்தால் தோல் உரியும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். தூசி ஒட்டும், நக்கினால் வயிற்றுப்போக்கு, பின்பக்கம் இன்னும் நாறும். முகப் பவுடரும் வேண்டாம், மூக்கில் ஏறும். சிக்கைப் பிரிக்க வேண்டுமானால் சோளமாவு ஒரு சிட்டிகை போட்டு விரலால் பிரித்து விடுங்கள், நுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வேரிலிருந்து அல்ல.

குண்டன் அப்பா:
மணி அண்ணே, கேட்காமலே எல்லாம் சொல்லிவிட்டீர்கள், நன்றி. என் கதை அசிங்கம், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். கருத்தடைக்கு அப்புறம் குண்டன் எட்டு கிலோவுக்குப் போய்விட்டான், பின்பக்கத்துக்கு வாய் எட்டாது. மழைக்காலம், லூஸ் மோஷன் ஒட்டி முடி ஈரமாகவே இருந்தது. வாலைத் தூக்கினால் முடியில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஈ முட்டை. கொஞ்சம் தள்ளி, ஒன்று பொரிந்து புழுவாக நெளிந்தது. நான் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன், மனைவிதான் துண்டில் சுற்றி ஆட்டோ பிடித்தாள். டாக்டர் சுற்றிலும் மழித்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். இப்போது வாலடியில் முடியை ஒட்ட வெட்டியே வைக்கிறோம். தினமும் வாலைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை. குண்டனுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

கூரைப்பூனை:
கிருமிநாசினி விஷயம் சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் குண்டனுக்கு வைத்தியம் ரொம்ப லேசு. மூன்று நாள் சோற்றை நிறுத்துங்கள், தானாக இளைக்கும், தானாக நக்கும்.

மதுரைக்காரி:
ஐயோ, நிறுத்தாதீர்கள்! குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கொழுப்பு போய்க் கல்லீரலில் சேர்ந்து மஞ்சள் காமாலை வரும், உயிரே போகலாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கருவாயன் வீடு:
சண்டை நடுவே ஒரு சந்தேகம். டிரிம்மர் சத்தம் கேட்டாலே இவன் பீரோ அடியில் புகுந்துவிடுகிறான். பெர்ஷியன் அம்மா, நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்?

பெர்ஷியன் அம்மா:
முடியில் வைக்காமல், ஓடவிட்டுப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு இங்கே சாப்பாடு போடுங்கள். சத்தத்துக்குத் தலை தூக்காமல் சாப்பிட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். அப்புறம் அணைத்த டிரிம்மரை முதுகில் வைத்துத் தடவுங்கள். ஓடவிட்டு வெட்டுவதெல்லாம் கடைசி. பிளேடு சூடாகிறதா என்று உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள், கருவாயனுக்குச் சுட்டால் அப்புறம் பீரோவை விட்டு வரவே மாட்டான்.