புளோக் பாட்டுக் குழு: வீட்டு லேப்டாப்பில் ரெக்கார்டிங் பாதியில் நிக்காம இருக்க

[இரவு 8:12] வயலின் அக்கா: சமூக மன்றப் பொங்கல் நிகழ்ச்சிக்கு அவங்கவங்க டிராக்கை வீட்லயே எடுத்து அனுப்பணும்னு பேசினோமே. விண்டோஸ் லேப்டாப்ல ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இருக்கு. எட்டு டிராக் தாண்டினா டப்டப்னு வெடிக்குது. சில நேரம் தானா மூடிக்குது. வேற சாஃப்ட்வேர் போடலாமா?

[8:15] ஒலிப்பதிவு அண்ணன்: வேண்டாம் அக்கா. வெடிக்கிறது ஒரு கோளாறு, மூடிக்கிறது வேற கோளாறு. கம்ப்யூட்டர் சத்தத்தை நேரத்துக்குக் குடுக்க முடியலன்னா வெடிக்கும். அதுக்கு டிரைவர், பஃபர் (ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்தைச் சேர்த்துக் குடுக்குதுங்கிற அளவு), பவர் பக்கம் போகணும். தானா மூடினா பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக்இன், அதாவது எஃபெக்ட்டுக்காக உள்ளே சேர்க்கிற குட்டி புரோகிராம். ஆடியோ டிவைஸ்ல எந்த டிரைவர் தேர்ந்திருக்கு?

[8:16] வயலின் அக்கா: ஆஸியோ ஃபார் ஆல்

[8:21] ஒலிப்பதிவு அண்ணன்: அது விண்டோஸோட பொது டிரைவர் மேல உக்காந்து வேலை செய்றது. இன்டர்ஃபேஸ் இல்லாதப்போ உதவும். உங்ககிட்ட யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக் சொருகுற பெட்டி, கார்டுன்னும் சொல்வோம்) இருக்கே, அதைத் தயாரிச்சவங்க தளத்துலேருந்து அவங்க சொந்த ஆஸியோ டிரைவரையே இறக்குங்க. விண்டோஸ் மிக்ஸர் வழியாப் போகாம புரோகிராம் நேரா கார்டோட பேசணும்னுதான் ஸ்டைன்பெர்க் 1997ல ஆஸியோவைக் கொண்டுவந்தாங்க. டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஆப்ஷன்ஸ் > பிரிஃபரன்சஸ் > ஆடியோ > டிவைஸ்ல அதைத் தேர்ந்தெடுங்க. இன்டர்ஃபேஸை ஹப்ல சொருகாம லேப்டாப் போர்ட்லயே நேரா சொருகுங்க.

[8:23] மிருதங்கம் மாமா: தம்பி, பஃபர் எவ்வளவு வைக்கணும்? 64 வெச்சாதான் கைக்கும் காதுக்கும் ஒட்டுது. ஆனா அதுலதான் வெடிக்குது.

[8:29] ஒலிப்பதிவு அண்ணன்: மாமா, செகண்டுக்கு 48,000 சாம்பிள்னு எடுக்கறப்போ 64 சாம்பிள்னா 1.3 மில்லிசெகண்ட். 128க்கு 2.7, 256க்கு 5.3, 512க்கு 10.7. உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை, அதனால இரட்டிப்பா எடுத்துக்கங்க, மேல கொஞ்சம் சேரும். 64ல அந்த 1.3க்குள்ள எல்லா டிராக்கோட எல்லா எஃபெக்டும் கணக்குப் போட்டு முடியணும். ஒரு தடவை தப்பினாலும் ஒரு டப்.
நீங்க இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டுட்டு, ரீப்பர்ல அந்த டிராக்கோட மானிட்டரை அணைச்சிடுங்க. உங்க மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துடும். அப்புறம் பஃபர் 512 இருந்தாலும் சொல்லு பிசகாது. ரெக்கார்ட் பண்ற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன். ஹெட்ஃபோன் வயர் உள்ளதா இருக்கட்டும், புளூடூத் வேண்டாம்.

[8:31] 9ஆம் மாடி தம்பி: அண்ணே, எனக்கு 512லயும் வெடிக்குது. சிபியு 20 சதவீதம்தான் காட்டுது.

[8:38] ஒலிப்பதிவு அண்ணன்: அந்தச் சதவீதம் சராசரி. நடுவுல ஒரே ஒரு டிரைவர் சில மில்லிசெகண்ட் பிராசஸரைப் பிடிச்சு வெச்சாலும் போதும், வெடிக்கும். லேட்டன்சிமான்னு இலவச புரோகிராம் இருக்கு. பத்து நிமிஷம் ஓடவிட்டு டிரைவர்ஸ் தாள்ல ஹையஸ்ட் எக்ஸிக்யூஷன் வரிசையைப் பாரு. என்டிஐஎஸ் மேல நின்னா நெட்வொர்க், வைஃபையை அணை. ஏசிபிஐ நின்னா பவர், பேட்டரி பக்கம். என்வி-ல தொடங்குற பெயர்னா கிராஃபிக்ஸ் டிரைவர்.
சார்ஜர் போட்டே எடு, பேட்டரியில ஓட்டினா வேகத்தைக் குறைச்சிடும். பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸ். டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்ங்கிற டிக்கை எடுத்துடு.

[8:40] வயலின் அக்கா: சத்தம் உள்ளே வரக்கூடாதுன்னு ரூம் கதவு ஜன்னல் சாத்தி, ஃபேன், ஏர்கான் எல்லாம் அணைச்சுத்தான் எடுக்கிறோம். அதுல ஏதும் இருக்கா?

[8:43] ஒலிப்பதிவு அண்ணன்: நிச்சயமா இருக்கு. நம்ம ஊர்ச் சூட்டுல சாத்தின வீவக (அரசாங்க அடுக்குமாடி) ரூம்ல லேப்டாப் கொதிச்சதும் பிராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். முதல் டேக் நல்லா வரும், நாலாவது டேக் வெடிக்கும். அப்படி வந்தா சூடுன்னே எடுத்துக்கலாம். அரை மணி நேரம் முன்னாடியே ஏர்கான் போட்டு ரூமைக் குளிர வெச்சு, டேக் எடுக்கறப்போ மட்டும் அணைங்க. லேப்டாப் மெத்தை மேல இருக்கக்கூடாது.

[8:46] பஜனை சித்தி: என்னோடது வெடிக்கலப்பா, சுருதிதான் இறங்கிடுச்சு. 5 கட்டையில பாடினேன், திருப்பிப் போட்டா வேற கட்டையில கேக்குது.

[8:48] ஒலிப்பதிவு அண்ணன்: சித்தி, தம்புராவை அதே லேப்டாப்ல பிரவுசர்ல ஓடவிட்டீங்களா?

[8:48] பஜனை சித்தி: ஆமா

[8:55] ஒலிப்பதிவு அண்ணன்: அதான். உங்க புராஜெக்ட் 48,000. பிரவுசர் சத்தம் விண்டோஸ் வழியா வருது, விண்டோஸ் 44,100ல இருந்தா சில கார்டு அதுக்கு மாறிடும். 48,000ல எடுத்ததை 44,100ல அப்படியே ஓட்டினா வேகம் 8 சதவீதம் குறையும், சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கும். 5 கட்டை பாட்டு 4க்கும் 4½க்கும் நடுவுல போய் நிக்கும், எந்தத் தம்புராவோடயும் சேராது. பாட்டு கெடலை. கார்டை 48,000க்குத் திருப்பினா சரியான சுருதியில கேக்கும்.
விண்டோஸ் சவுண்டு செட்டிங்லயும், ரீப்பர் புராஜெக்ட் செட்டிங்லயும், கார்டோட சொந்தப் பேனல்லயும் மூணு இடத்துலயும் 48,000 வைங்க. தம்புராவை ஃபோன்ல தனியா ஓட்டி ஒரு நிமிஷம் கார்டுல ரெக்கார்ட் பண்ணி, அதையே ஒரு டிராக்கா லூப் போட்டுக்கங்க. பிரவுசர் மூடியே இருக்கட்டும்.

[8:57] 9ஆம் மாடி தம்பி: தானா மூடிக்கிறதுக்கு எந்தப் பிளக்இன் காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்கிட்ட அறுபதுக்கு மேல இருக்கு.

[9:06] ஒலிப்பதிவு அண்ணன்: விண்டோஸே எழுதி வெச்சிருக்கும். ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு தேடு. மூடிக்கிட்ட நாள்ல சிவப்புக் குறி இருக்கும், அதைத் திறந்தா ஃபால்ட் மாட்யூல் நேம்னு ஒரு வரி. அங்க பிளக்இன் பெயர் நின்னா ஆள் கிடைச்சாச்சு. பழைய 32 பிட் இலவசப் பிளக்இன்களை முதல்ல தூக்கிடு.
விட முடியாத பிளக்இன்னா எஃபெக்ட் பட்டியல்ல அது மேல ரைட் கிளிக், ரன் ஆஸ், செபரேட் பிராசஸ். அப்புறம் அது செத்தாலும் ரீப்பர் நிக்கும். எல்லாத்துக்கும் போட்டுடாத, ஒவ்வொண்ணுக்கும் சிபியு கூடும். புராஜெக்ட்டே திறக்கலன்னா, ஓப்பன் பண்ற பெட்டியிலேயே எஃபெக்ட்டை ஆஃப்லைன்ல வெச்சுத் திறக்குற ரெக்கவரி டிக் இருக்கு. ரீப்பருக்குப் பதிலா கியூபேஸ் வெச்சிருக்கவங்க திறக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூணையும் அழுத்திப் பிடிச்சா சேஃப் மோட் கேக்கும்.

[9:08] மிருதங்கம் மாமா: பாதி வாசிப்புல மூடிக்கிட்டா அந்த டேக் போச்சா?

[9:14] ஒலிப்பதிவு அண்ணன்: போகாது மாமா, வாசிச்ச வரைக்கும் ஃபைல் டிஸ்க்ல இருக்கும். புராஜெக்ட் ஃபோல்டர்லேருந்து வேவ் ஃபைலை இழுத்துப் போடுங்க. நீளம் பூஜ்யம்னு காட்டினா ஃபைலோட தலைப்பகுதி எழுதி முடியலன்னு அர்த்தம். ஆடாசிட்டிங்கிற இலவச புரோகிராம்ல ஃபைல் > இம்போர்ட் > ரா டேட்டா போய் 24 பிட், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48,000னு குடுத்தா வந்துடும். தொடக்கத்துல ஒரு சின்ன டக் இருக்கும், வெட்டிடுங்க. அழிச்சிட்டுத் திரும்ப வாசிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க, நல்ல டேக் வீணாகக் கூடாது.

[9:16] வயலின் அக்கா: ஃபோல்டர் ஒன்டிரைவ்ல இருக்கே?

[9:19] ஒலிப்பதிவு அண்ணன்: உடனே வெளியே எடுங்க. எழுதிக்கிட்டிருக்கிற ஃபைலை அதுவும் படிச்சு மேல ஏத்தப் பார்க்கும். சி டிரைவ்ல தனி ஃபோல்டர், இல்ல வெளி எஸ்எஸ்டி. 24 பிட் 48,000 மோனோ ஒரு நிமிஷத்துக்கு 8.6 எம்பி. எட்டு டிராக் ஒரு மணி நேரம்னா 4 ஜிபிக்கு மேல. எடுத்து முடிச்சப்புறம் காப்பி ஏத்திக்கலாம்.

[9:21] 9ஆம் மாடி தம்பி: விண்டோஸ் அப்டேட்?

[9:23] ஒலிப்பதிவு அண்ணன்: பொங்கல் டிராக் முடியற வரைக்கும் பாஸ்ல வை. டிரைவர், பிளக்இன், ரீப்பர் எதையும் புதுசு பண்ணாத. முடிச்சிட்டு ஏத்து, நிரந்தரமா நிறுத்தக்கூடாது. இப்போ சரிபண்றப்பவும் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்து, இல்லன்னா எது சரியாக்குச்சுன்னே தெரியாது.

[9:26] வயலின் அக்கா: நாளைக்கு டிரைவரை மாத்திட்டு 256ல எடுத்துப் பார்க்கிறேன். எப்படி அனுப்பட்டும்?

[9:28] ஒலிப்பதிவு அண்ணன்: எஃபெக்ட் எதுவும் இல்லாம, எல்லாரும் பூஜ்யம் நிமிஷத்துலேருந்தே தொடங்குற மாதிரி வேவ் ஃபைலா. இங்கே டாக்குமென்ட்டா சேருங்க, 2 ஜிபி வரை போகும். ஃபைல் பெயர்ல வாத்தியமும் கட்டையும் போட்டுடுங்க.